சாவி யார் கையில்? டிஜிட்டல் பணம் பற்றி வாசகர் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசி 9 வருடம் லாக்கர் பொறுப்பு. இரண்டு இதழ்களுக்கு முன்னால் லாக்கர் விதிகளைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, முடிவில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: அக்கா மகன் சொல்லிக்கொடுத்து நானும் 2021-ல் 25,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கினேன், அதன் சாவியை நானேதான் பாதுகாக்கிறேன் என்று. லாக்கரைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். அவற்றில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘வாங்கலாமா? விலை ஏறுமா?’ என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். விலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. முழுதாகப் போனாலும் வீட்டில் உலை வைப்பது நிற்காது என்கிற பணத்தை மட்டும் போடுங்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். வாங்கியவர்கள் அதைத் தொலைக்காமல் இருக்க வேண்டும். என் கவலை அது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் 2 லட்சம் ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கியிருக்கிறான். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் போனில் என்கிறான். போன் தொலைந்தால் பணம் போய்விடுமா? எனக்குத் தூக்கம் வரவில்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, தேவகோட்டை

அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். பிட்காயின் போனுக்குள் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லெட்ஜர் என்றால் மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய நோட்டு. உங்கள் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது என்றால், உங்கள் பெயர் எழுதிய 500 ரூபாய் கட்டு ஒன்று பெட்டகத்தில் தனியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த நோட்டில் உங்கள் பக்கத்தில் 500 என்று எழுதியிருக்கிறது, அதுதான் உங்கள் பணம். மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் 10 பைசா வித்தியாசத்துக்காக இரவு எட்டு மணி வரை எல்லோரும் உட்கார்ந்து தேடுவோம்.

பிட்காயினும் ஒரு லெட்ஜர்தான். ஆனால் அதை எழுத ஒரு வங்கியோ ஒரு குமாஸ்தாவோ கிடையாது. ஒரே நோட்டின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேருகிறது. ஒருவர் தன் நகலில் மட்டும் திருத்தி எழுதினால் மற்ற நகல்கள் அதை ஏற்காது. சடோஷி நாகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் 2008 அக்டோபர் 31-ல் இந்த ஏற்பாட்டை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். லெட்ஜரின் முதல் பக்கம் 2009 ஜனவரி 3-ல் எழுதப்பட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி. ஒரு பிட்காயினை 10 கோடித் துண்டுகளாகப் பிரிக்கலாம். அதனால்தான் உங்கள் மகனால் 2 லட்சத்துக்கு ஒரு சிறு பங்கை வாங்க முடிந்தது.

அப்படியானால் அவனிடம் இருப்பது என்ன? ஒரு முகவரி, ஒரு சாவி. முகவரி என்பது கணக்கு எண் மாதிரி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாவி என்பது கையெழுத்து மாதிரி. அது யாரிடம் இருக்கிறதோ அவர் பணத்தை எடுக்கலாம், வேறு எந்த அடையாளமும் கேட்கப்படாது.

மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆப்பைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைக் காட்டி எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னதா, இல்லை ஆதாரும் பான் கார்டும் கேட்டதா?” வார்த்தைகளைக் காட்டியிருந்தால் சாவி அவன் கையில். போன் தொலைந்தாலும் அந்த வார்த்தைகளை வைத்து இன்னொரு போனில் எல்லாவற்றையும் மீட்கலாம். ஆதாரும் பானும் மட்டும் கேட்டிருந்தால் சாவி எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விற்கும் ஆப் நடத்தும் கம்பெனியிடம் இருக்கிறது. அது என்ன வித்தியாசம் என்று கோவைத் தம்பிக்கான பதிலில் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கும் டிஜிட்டல் ரூபாயும் பிட்காயினும் ஒன்றுதானா?
— பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

இல்லை. டிஜிட்டல் ரூபாய் நம்முடைய ரூபாய்தான், ரிசர்வ் வங்கி வெளியிடுவது. பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1-ல் மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வரம் ஆகிய ஊர்களில் தொடங்கியது. உங்கள் பர்ஸில் இருக்கும் 100 ரூபாய் நோட்டுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. விலை ஏறாது, இறங்காது. பர்ஸில் இருக்கும் நோட்டுக்கு வட்டி வராத மாதிரி இதற்கும் வட்டி கிடையாது. யு.பி.ஐ.யில் நீங்கள் அனுப்பும்போது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகிறது. டிஜிட்டல் ரூபாய் வாலட்டில், அதாவது போனில் பர்ஸ் மாதிரி இருக்கும் ஆப்பில், பணமே உங்கள் கையில் இருக்கிற மாதிரி. அந்த வாலட்டைப் பெரும்பாலும் தருவது வங்கி. ஒரு சிக்கல் என்றால் போய் நிற்க ஒரு கவுன்டர் இருக்கிறது.

கிரிப்டோ என்று சொல்லப்படும் பிட்காயின், எத்தீரியம் போன்றவற்றுக்கு அந்தக் கவுன்டர் கிடையாது. நம் நாட்டில் அவற்றை வாங்குவதும் விற்பதும் தடை செய்யப்படவில்லை, ஆனால் அவை சட்டப்படியான பணமும் இல்லை. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில், இந்த வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இன்றுவரை வாங்கி விற்க முடிவது அதனால்தான்.

இன்னொன்று. ‘டிஜிட்டல் ரூபாயில் முதலீடு செய்தால் மாதம் 10 சதவீதம்’ என்று யாராவது வந்தால் அது பொய். ரூபாயில் முதலீடு செய்து ரூபாயில் லாபம் எப்படி வரும்?

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் 80,000 ரூபாய் மதிப்புக்கு மூன்று விதமான காயின் வைத்திருக்கிறேன். ஆப்பிலேயே விட்டுவைப்பது பாதுகாப்பா?
— பொறியியல் மாணவர், கோவை

தம்பி, எக்ஸ்சேஞ்ச் என்பது லாக்கர் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் நகையைக் கொடுத்து, பத்திரமாக வையுங்கள் என்று சொல்வது போன்றது. அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அவர் வீட்டில் திருடன் நுழைந்தால்?

2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய் திருடுபோனது. அந்த வாலட்டைத் திறக்க ஒருவர் கையெழுத்து போதாது, பலர் கையெழுத்து வேண்டும். அப்படி இருந்தும் நடந்தது. திருடுபோகாத காயின்களை வைத்திருந்தவர்கள்கூட ஓராண்டுக்கு மேல் தங்கள் காயினை எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். அதில் ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிமன்றம், கிரிப்டோ என்பது ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொன்னது. நமக்கெல்லாம் நல்ல சேதி. ஆனாலும் 80,000 ரூபாய்க்காகக் கோர்ட் படி ஏறும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

வெளிநாட்டுக் கதைகள் இன்னும் பெரியவை. டோக்கியோவில் இருந்த மவுன்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014-ல் விழுந்தபோது 8 லட்சத்துக்கும் மேல் பிட்காயின் காணாமல் போயிருந்தது. எஃப்.டி.எக்ஸ். 2022 நவம்பரில் திவாலானது. அதை நடத்தியவருக்கு 25 வருடச் சிறை. எனக்கு மறக்கவே முடியாதது கனடாவின் குவாட்ரிகா. அதன் முதலாளி 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் 30 வயதில் இறந்துபோனார். வாடிக்கையாளர்களின் காயினைத் திறக்கும் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது என்றார்கள். பிறகு விசாரணையில், அவர் உயிரோடு இருக்கும்போதே பெரும்பகுதிப் பணத்தை மோசடி வியாபாரத்தில் கரைத்திருந்தார் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஆப்பில் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காயினுக்கு அப்படி எதுவும் இல்லை.

அதற்காக எக்ஸ்சேஞ்சே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாங்க, விற்க அது தேவை. 2023 மார்ச்சிலிருந்து இந்தியாவில் இந்தத் தொழில் செய்பவர்கள் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த இடத்தில் மட்டும் கணக்கு வையுங்கள். நுழைவதற்கு எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை மட்டும் நம்பாமல், போனிலேயே மாறிமாறி எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் போடுங்கள், ஏனென்றால் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்குபவனுக்கு எஸ்.எம்.எஸ். போய்விடும். அப்புறம், அடிக்கடி வாங்கி விற்கும் அளவு மட்டும் அங்கே இருக்கட்டும். வருடக்கணக்கில் வைக்க நினைப்பதை, சாவி உங்கள் கையிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அடுத்த பதிலைக் கட்டாயம் படியுங்கள். சொந்த வாலட்டில் தவறு செய்தால் கோர்ட்டுக்கும் போக முடியாது.

சொந்த வாலட் தொடங்கினேன். 12 வார்த்தைகள் வந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனிலும் கூகுள் டிரைவிலும் வைத்திருக்கிறேன். இது போதும்தானே?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

ஐயா, இந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு முதலில் ஒரு புது வாலட் தொடங்குங்கள். அதில் வரும் புதிய 12 வார்த்தைகளைத் தாளில் எழுதிக்கொண்டு, இருப்பதை அதற்கு மாற்றுங்கள். அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டை அழித்தால் போதாது. அது எங்கெல்லாம் நகலாகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. போனில் உள்ள படங்களைப் படித்து இந்த வார்த்தைகளைத் தேடித் திருடும் ஆப்கள் இருக்கின்றன.

இந்த வார்த்தைகளை சீட் ஃப்ரேஸ் என்பார்கள். அவை சாவிக்கு ஒரு அடையாளச் சீட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவையே சாவி. பெரும்பாலான வாலட்டுகளில் 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்துதான் அவை வருகின்றன. பட்டியலின் முதல் சொல் ‘அபாண்டன்’, கடைசிச் சொல் ‘ஜூ’. எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசை முக்கியம். இரண்டு சொல் இடம் மாறினாலும் உங்கள் வாலட் திறக்காது.

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று உங்களிடம், இன்னொன்று எங்களிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். உங்கள் சாவி தொலைந்தால், பூட்டுக் கம்பெனி ஆளை வரவழைத்து உங்கள் முன்னிலையிலேயே பூட்டை உடைப்போம். செலவு உங்களுடையது, ஆனால் நகை கிடைத்துவிடும். கிரிப்டோவில் உடைக்க வரும் ஆள் இல்லை. நானும் இதை ஆரம்பத்தில் நம்பவில்லை. ‘எங்கேயாவது ஒரு தலைமை அலுவலகம் இருக்கும்டா’ என்று அக்கா மகனிடம் வாதாடினேன். இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸில் ஒருவர் 2013-ல் தவறுதலாகக் குப்பையில் போட்ட ஹார்டு டிஸ்கில் ஏறக்குறைய 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்ததாம். குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போனார், 2025 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி ஆனது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்குள் அது இறங்கியது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் 1 முதல் 12 வரை எண் போட்டு ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். தமிழில் எழுத வேண்டாம். ‘கோஸ்ட்’ என்று எழுதி வைத்தால் கடற்கரையா, பேயா என்று பத்து வருடம் கழித்துப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? எழுதி முடித்ததும் அக்கா மகன் ஒரு வேலை செய்யச் சொன்னான். அதை எல்லோரும் செய்ய வேண்டும். பெரிய பணம் போடுவதற்கு முன் 500 ரூபாய்க்கு மட்டும் காயின் அனுப்பிவிட்டு, வாலட் ஆப்பைப் போனிலிருந்து முழுதாக அழித்தேன். மறுபடி இறக்கி, தாளைப் பார்த்து 12 சொற்களையும் அடித்தேன். முதல் தடவை ‘செல்லாது’ என்றது. ஏழாவது சொல்லில் ஒரு எழுத்தை விட்டு எழுதியிருந்தேன். அழிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தவறு எப்போது தெரிந்திருக்கும்?

தாள் கரையானுக்கும் தண்ணீருக்கும் ஆளாகும். எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித் தருவார்கள். அறுபது வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு வெட்டிக்கொடுத்த பெயர் குடத்தில் இன்றைக்கும் படிக்க முடிகிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. ஆனால் இதைக் கடைக்காரரிடம் கொடுக்க முடியாது; அவர் எவ்வளவு நம்பகமானவரானாலும் சாவியைப் பார்த்தவர் ஆகிவிடுவார். ஹார்டுவேர் கடையில் எழுத்து அடிக்கும் பஞ்ச் செட் ஒன்று வாங்கினேன். கனமான எவர்சில்வர் பட்டை இரண்டு. கொல்லையில் பழைய அம்மிக்கல்மேல் பட்டையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தியால் அடித்தேன். முழுச் சொல்லும் அடிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது, ஆகவே நான்கு எழுத்து போதும். 12 சொல்லுக்கு 48 எழுத்துக்கு மேல் இல்லை. ஒரு முழு மத்தியானம் ஆனது. முதல் வரிசை கோணலாக வந்தது, கீழே வரவரக் கை பழகிவிட்டது. ஒரு பட்டை என் பீரோவில், இன்னொன்று வேறு ஊரில் ஒரு லாக்கரில். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து போகும்.

தொகை பெரிதானால் ஹார்டுவேர் வாலட் வாங்குங்கள். பென் டிரைவ் அளவுக் கருவி. சாவி அதற்குள்ளேயே இருக்கும், இன்டர்நெட்டுக்கு வராது. தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்தே வாங்க வேண்டும். யாரோ பயன்படுத்திய கருவி, பாதி விலை என்று வருவது வேண்டாம். 2020-ல், இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் ‘லெட்ஜர்’ என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிகள் கசிந்தன. அடுத்த வருடம் அந்த முகவரிகளில் சிலவற்றுக்கு, ‘உங்கள் கருவியை மாற்றித் தருகிறோம்’ என்று போலிக் கருவிகள் தபாலில் வந்தன. பெட்டியைத் திறந்ததும் உள்ளே அச்சடித்த தாளில் 24 வார்த்தை தயாராக இருந்தால் அது திருடனின் சாவி. வார்த்தைகளைக் கருவிதான் உங்கள் கண்முன்னே புதிதாக உருவாக்க வேண்டும்.

நீங்கள் அச்சகம் வைத்திருக்கிறீர்கள், ஆசை வரும்: தயவுசெய்து அழகாக டைப் செய்து லேமினேட் பண்ணாதீர்கள். அச்சகக் கம்ப்யூட்டரில் அது தங்கிவிடும்.

ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது தவறினால் திரும்பி வராது என்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், நாகர்கோவில்

திரும்பி வராது என்பது உண்மை. முகவரியைக் கையால் அடிக்காதீர்கள், கியூ.ஆர். கோடு அல்லது காப்பி. காப்பி செய்ததை ஒட்டும்போது முகவரியையே மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு, ஒட்டிய பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் நான்கு எழுத்து பார்த்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நான்கும் பொருந்துகிற மாதிரி போலி முகவரி தயார் செய்து உங்கள் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது நெட்வொர்க், அதாவது காயின் போகும் பாதை. டெதர் என்ற காயினையே எத்தீரியம் வழியாகவும் அனுப்பலாம், டிரான் வழியாகவும் அனுப்பலாம். வாங்குகிறவர் எந்த நெட்வொர்க்கில் எதிர்பார்க்கிறாரோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு தொகை ஒன்றை முதலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். கட்டணம் இரண்டு முறை போகும், போகட்டும்.

டெலிகிராம் குழுவில் சேர்ந்து அவர்கள் சொன்ன ஆப்பில் ரூ.1,40,000 போட்டேன். இப்போது ஆப்பில் ரூ.6 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் 20 சதவீதம் வரி முன்னால் கட்ட வேண்டும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது.
— பெயர் வேண்டாம், மதுரை

கட்டாதே அம்மா. ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. நீ கடிதத்தில் எழுதியிருக்கும் வயது என் மகள் வயது, அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அந்த 6 லட்சம் இல்லவே இல்லை. திரையில் எழுதிய எண் அது. வரி என்பது அரசுக்குக் கட்டுவது, எந்த ஆப்காரனும் அதைத் தன் கணக்குக்கு முன்கூட்டிக் கேட்க மாட்டான். இதைக் கட்டினால் அடுத்தது ‘பாதுகாப்பு வைப்புத் தொகை’, அதற்கடுத்தது ‘கணக்கு முடக்க அபராதம்’. நகை முடியும்வரை கேட்பார்கள்.

இதைப் படித்ததும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு, எவ்வளவு போனது என்பதை வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொள். உன் வங்கிக் கிளையிலும் எழுத்தில் புகார் கொடு. பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால் அது நிற்கும் கணக்கை முடக்க வழி இருக்கிறது. உன் விஷயத்தில் நாளாகிவிட்டது, முழுதும் வரும் என்று உனக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனாலும் புகார் செய். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் எல்லா உரையாடலையும் படம் எடுத்துக்கொள். கொஞ்ச நாளில் ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் 15,000’ என்று யாராவது வருவார்கள். அவர்களும் அதே கூட்டம்தான்.

வீட்டில் சொல்லிவிடு. யாரோ ஒருவரிடமாவது, அக்காவிடமோ தோழியிடமோ. படித்தவர்கள், அதிகாரிகள், வங்கி ஊழியர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். நீ செய்தது குற்றமில்லை, உனக்குச் செய்யப்பட்டது குற்றம்.

ஒரு காயினில் 50,000 லாபம், இன்னொன்றில் 40,000 நட்டம். 10,000-க்கு வரி கட்டினால் போதுமா?
— வாசகர், வேலூர்

போதாது. 2022 ஏப்ரல் 1-லிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. முழு 50,000-க்கும் வரி: 15,000-மும் செஸ் 600-மும், ஆக 15,600 ரூபாய். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டி.டி.எஸ்.ஸை இதில் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய விலைக்கான ஆதாரத்தை ஆப்பிலிருந்து இறக்கித் தனியாகச் சேமித்து வையுங்கள். ஆப்பே இல்லாமல் போனாலும் கணக்குக் காட்டுவதற்கு அது வேண்டும்.

என் கணவர் மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். கிரிப்டோ வைத்திருந்தார் என்று அவருடைய நண்பர் சொல்கிறார். எவ்வளவு, எங்கே என்று தெரியாது. மேஜை டிராயரில் பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. பின் நம்பர் கேட்கிறது. பிறந்த தேதி போட்டுப் பார்க்கட்டுமா?
— புதுக்கோட்டை

வேண்டாம் அம்மா, கருவியை அணைத்து வைத்துவிடுங்கள். சில கருவிகள் மூன்று தடவை தவறான எண் போட்டால் உள்ளே இருப்பதை அழித்துக்கொள்ளும். அழிந்தாலும் வார்த்தைகள் கிடைத்தால் மீட்டுவிடலாம், ஆனால் வார்த்தைகள் இருக்கின்றனவா என்று தெரியாதவரை தொடக்கூடாது. செல்போன் ரிப்பேர் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

முதலில் தாளைத் தேடுங்கள். 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, எண் போட்டு இருக்கும். எல்.ஐ.சி. பாலிசி ஃபைல், பத்திரக் கவர், டைரியின் கடைசிப் பக்கம், பாஸ்போர்ட் உறை, சாமி படத்துக்குப் பின்னால், கருவி வந்த அட்டைப் பெட்டி. கருவிப் பெட்டியிலேயே எழுதுவதற்கான அட்டை வரும், பலர் அதிலேயே எழுதிவிடுவார்கள். தேவையில்லாத தாள் என்று எதையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவருக்கு லாக்கர் இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டாவது, எக்ஸ்சேஞ்ச். எதில் கணக்கு இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 2022 ஜூலை 1-லிருந்து கிரிப்டோ விற்றால் 1 சதவீத டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்பது சட்டம். பிடித்த கம்பெனியின் பெயர், உங்கள் கணவருக்குப் பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் இருக்கும். வருமான வரி இணையதளத்தில் வாரிசாக உங்களைப் பதிவு செய்துகொண்டால் அதைப் பார்க்கலாம், ஆடிட்டர் ஒருவர் உதவுவார். அவர் விற்காமல் வாங்க மட்டும் செய்திருந்தால் அதில் வராது. அப்போது வங்கி ஸ்டேட்மென்ட்டில் பணம் போன பெயர்களைப் பாருங்கள். கம்பெனி பெயர் தெரிந்ததும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் நகல்களோடு எழுதுங்கள். அவர் சிம் கார்டை ரத்து செய்துவிடாதீர்கள், ரீசார்ஜ் செய்து வையுங்கள். இ-மெயிலைத் திறக்க அது வேண்டும்.

நான் லாக்கரில் இருந்தபோது ஒரு நாள் ஓர் அம்மா ஒரு சாவியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்கள். கணவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எந்த வங்கியின் சாவி என்று தெரியவில்லை, அதில் எண் மட்டும்தான் இருந்தது. எங்கள் கிளை அந்த ஊரில் அவர்கள் ஏறி இறங்கிய நான்காவது வங்கி. எங்களுடையதும் இல்லை. அடுத்த தெருவில் ஐந்தாவதாக ஒரு கிளை இருந்தது, நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது.

நீங்கள் தேடுங்கள். ஏதாவது தாள் கிடைத்தால் அதில் இருக்கும் சொற்களை எனக்கு எழுதாதீர்கள், யாருக்கும் எழுதாதீர்கள். எத்தனை சொல், எந்தக் கருவி என்பதை மட்டும் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.